கிழக்கு ஓடையின் ஆழம்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வது அவர் மட்டுமில்லை, நானும்தான். ஆளைச் சொல்கிறேன், போதும். குள்ளம். கட்டையான, கறுத்த உடம்பு. ஐம்பது வயது இருக்கலாம், அவருக்கே சரியாகத் தெரியாது. வாயின் இரண்டு ஓரமும் காய்த்துப் போயிருக்கும். அது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் இருந்தது அவருடைய குப்பம். அங்கே பெண்கள் வலையே இல்லாமல் கையால் எறா, அதாவது இறால், பிடிப்பார்கள். தண்ணீருக்குள் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். பிடித்ததைப் போட பனையோலையில் பின்னிய ஒரு பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நாளைக்கு நாலைந்து மணி நேரம் வாயில் கயிறு. மற்றப் பெண்கள் கரையேறியதும் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசித் தீர்த்துவிடுவார்கள். இந்த அக்கா மட்டும் கயிற்றை எடுத்த பிறகும் தானாக வாயைத் திறக்க மாட்டார். கேட்டால் பதில் வரும். கேட்டதற்கு மட்டும் வரும்.

நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாட்ஜும் கல்யாண மண்டபமும் வைத்திருந்த அவருக்குத் திடீரென்று தண்ணீர்மேல் ஆசை வந்துவிட்டது. பிச்சாவரத்தில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற கூட்டத்தைப் பார்த்து வந்த ஆசை. உப்பனாற்றின் தலைமாட்டில் இருக்கிற ஏரியில் கிளம்பி ஆற்று வழியாக முதுநகர் வரைக்கும் உல்லாசப் படகு. அதற்கு அனுமதியும் வாங்கிவிட்டார். ஏரியில் ஒரு சிக்கலும் இல்லை. ஆறு கடல் தண்ணீரோடு கலக்கிற இடத்தில்தான் வினை. நடுவில் ஒரு பெரிய சேற்றுத் திட்டு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஓடை. ஒன்று மேற்கு ஓடை, ஒன்று கிழக்கு ஓடை. படகு எதில் போவது என்று பார்த்து, ஆழம் எழுதி, வழி குறித்துக் கொடுப்பது என் வேலை.

முதல் நாள் கரையில் நின்றுகொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "இந்த வாய்க்கா நேரா ஆத்துக்குப் போவுதாக்கா?"

"போவுது."

பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். அரை மணி நேரம் நடந்ததும் வாய்க்கால் ஒரு முள்ளுக்காட்டுக்குள் நுழைந்து காணாமல் போனது. கையெல்லாம் கீறல். எனக்கு மூக்குமேல் கோபம். திரும்பி வந்து கத்தினேன்.

"போவுதுன்னு சொன்னீங்களே!"

"போவுது. முள்ளுக்குள்ள பூந்து போவுது."

"மனுஷன் போவ முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாயில என்னா கொழுக்கட்டையா?"

"மனுஷன் போவ முடியுமான்னு நீங்க கேக்கல சார்."

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

ரோட்டோரம் எறா விற்கும்போதும் இதே கதைதான். கார் நிறுத்தி இறங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றே ஒன்று, "இன்னிக்குப் புடிச்சதா?" வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் "இப்பதான் சார், துள்ளுது பாருங்க" என்பார்கள். இந்த அக்கா "நேத்து சாயங்காலம்" என்பார். வந்தவர் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வார். "இவளோட யாவாரம் பண்றதுக்குப் பதிலா ஆத்துலயே கொட்டிட்டுப் போயிடலாம்." ஆனால் பழகின ஆட்கள் மட்டும் நேராக இவரிடம்தான் வருவார்கள். நானும் அப்படி ஆனேன். வீட்டில் என் மனைவி, "இது எப்ப புடிச்சதுன்னு அந்தக்காவக் கேட்டுட்டுத்தான வாங்குன?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் உரிக்கவே உட்காருவாள்.

வழி காட்ட இந்த அக்காவைவிட்டால் ஆளில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். கூட்டி வரச் சொன்னார். சிதம்பரத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி வெற்றிலைப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "காட்டுறியாம்மா?" என்றார்.

"கெழக்கு ஓடைக்குள்ள படகு வராதுன்னா காட்டறேன்."

"ஏன், அங்க என்னா இருக்கு?"

"நாங்க இருக்கோம்."

அதுதான் அவர் அந்த அறையில் பேசிய நீளமான பேச்சு. மீதியை நான் விளக்கினேன். குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் கிழக்கு ஓடையில்தான் கை வைத்துப் பிடிக்கிறார்கள். மேற்கில் எறா இல்லை. கிழக்கில் மோட்டார் படகு ஓடினால் தண்ணீர் கலங்கி எறா ஒதுங்கிவிடும். அதைவிட, தண்ணீருக்குள் குனிந்து தலை மட்டும் தெரியப் பிடிக்கிற பெண்மேல் படகு ஏறினால் யார் பார்க்கப் போகிறார்கள்? பன்னிரண்டு குடும்பத்துக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

முதலாளி பெருந்தன்மையானவர்தான், அவருக்கு ஒன்றும் குறையாத வரைக்கும். "சரி, மேற்க நல்ல வழி காட்டு. கெழக்குல நம்ம படகு நுழையாது. இது என் வாக்கு" என்றார்.

மறுநாள் மேற்கு ஓடையில் இறங்கினோம். அளவுகோலை எடுத்த எடுப்பிலேயே சேற்றில் குத்தி, இழுத்து, முறித்துவிட்டேன். வேறு கோல் வேண்டுமென்றால் சிதம்பரம் போய் வர வேண்டும். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. சோம்பேறித்தனம் என்றே சொல்லலாம், மறைக்க ஒன்றுமில்லை. நான் கரையிலேயே நோட்டோடு நடந்தேன். அக்கா ஓடை நடுவில் நடந்தார். "இங்க எவ்ளோ?" என்று கேட்பேன். அவர் தன் உடம்பை வைத்துப் பதில் சொல்வார். "முழங்கால்." "தொடை." "இடுப்பு." அந்த ஊரில் அப்படித்தான் ஆழம் சொல்வார்கள். நான் அவர் உயரத்துக்குக் கணக்குப் போட்டு, இடுப்பு என்றால் மூன்று அடி என்று எழுதிக்கொண்டே போனேன். படகுக்கு இரண்டடித் தண்ணீர் இருந்தால் போதும். மேற்கு ஓடை முழுக்க இடுப்பு, இடுப்பு என்றே வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒருநாள் படகோட்டி எங்களோடு வந்திருந்தான். முதுநகர்ப் பையன், துடுக்கு. கிழக்குப் பக்கம் கை காட்டி, "ஏங்க்கா, அந்தாண்ட நடுவுல எவ்ளோ..." என்று ஆரம்பித்தான். கிழக்கில் ஆழம் அதிகம் என்று முதலாளி காதுக்குப் போனால் அவர் வாக்கு நிற்காது. கேள்வி முடிந்தால் பதில் வந்துவிடும். நிச்சயமாக வரும். "டேய் மச்சான், இன்ஜின்ல என்னமோ சத்தம் வருது பாரு" என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன். இன்ஜின் ஓடவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா அதே இடத்தில், பறிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். அன்றிலிருந்து கிழக்கு ஓடையைப் பற்றி அவர் முன்னால் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதே எனக்குத் தனி வேலையாகிவிட்டது.

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். சென்னையிலிருந்து பணம் போட ஒரு பெரிய மனிதர் வருகிறார், அவர் பார்த்துச் சரி என்றால்தான் இன்னும் நாலு படகு வாங்க முடியும். அதற்கு முந்தின நாள் அக்காவிடம் கேட்டேன். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மேற்கு ஓடையில படகு போவுமாக்கா?"

"போவும்."

படகுக்கு வாழைக்கன்று கட்டி, பலூன் ஊதி, ஆறரைக்கே தயாராகிவிட்டோம். ஏழு ஆனது. எட்டு ஆனது. பெரிய மனிதர் சிதம்பரத்தில் நடராஜர் தரிசனத்துக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டாராம். அவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. சந்தனப் பொட்டோடு ஏறி உட்கார்ந்தார். முதலாளி, அவருடைய உறவுக்காரர்கள் நாலு பேர், படகோட்டி, நான்.

திட்டின் முனையில் திரும்பி மேற்கு ஓடைக்குள் பாதி தூரம் போயிருப்போம். அடியில் ஏதோ உரசுகிற சத்தம். படகு ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. படகோட்டி இன்ஜினை முறுக்கினான். பின்னால் கறுப்புச் சேறு கொப்பளித்து, பெரிய மனிதரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"எறங்கித் தள்ளுய்யா! மூணு அடிதான? நீதான எழுதின!"

நான் எழுதியதை நானே நம்பி இறங்கினேன். கால் தரையைத் தொடும் என்று காத்திருந்தேன். தொடவில்லை. முழங்கால் போனது, தொடை போனது. அடுத்த காலை ஊன்றி எழப் பார்த்தேன், அதுவும் போனது. மேலே ஒன்றரை அடித் தண்ணீர், கீழே சேறு. இழுக்க இழுக்க உள்ளே பிடித்தது. படகின் விளிம்பைப் பிடித்தேன், அது என் பக்கம் சாய்ந்தது. மேலே இருந்தவர்கள் கூச்சல் போட்டு எழுந்ததில் இன்னும் சாய்ந்தது. "விடுய்யா, விடு, படகு கவுந்துடும்!" என்று முதலாளி கத்தினார். விட்டேன். எனக்கு இடுப்புவரை சேறு. நான் பயந்தவன் என்று நினைத்ததில்லை. அன்று என் மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

திட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா வந்தார். நடந்து வரவில்லை. ஒரு பலகையை நெஞ்சுக்கு அடியில் போட்டுக்கொண்டு, சேற்றுமேல் குப்புறப் படுத்துக் கையால் உந்தி வந்தார்.

"கால ஆட்டாதீங்க."

"போறேன்க்கா, உள்ள போறேன்!"

"ஆட்டாதீங்கன்னு சொன்னேன். மல்லாக்க சாயுங்க. பலக மேல முதுவ வைங்க."

சாய்ந்தேன். அவர் என் தொடையை ஒட்டிக் கையை உள்ளே விட்டுச் சேற்றைத் தோண்டினார். தோண்டின இடத்தில் தண்ணீர் இறங்கியது. பிடி கொஞ்சம் விட்டது. ஒரு கால். பிறகு இன்னொரு கால். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வெளியே வந்தபோது ஒரு ஷூ இல்லை. அவர் என் முகத்தில் இருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தார். பெற்ற தாய் மாதிரி துடைத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

தண்ணீர் மறுபடி ஏறிப் படகு மிதக்க மாலை நாலு மணி ஆனது. அதுவரை எல்லாரும் உச்சி வெயிலில், வாடிப்போன வாழைக்கன்றுக்குக் கீழே. பெரிய மனிதர் கரையேறியதும் நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் தெற்கு வீதி அலுவலகத்தில் பஞ்சாயத்து. முதலாளி உட்கார்ந்திருந்தார். அக்காவும் நானும் நின்றோம்.

"இவ ஏமாத்திட்டா" என்று ஆரம்பித்தார் முதலாளி. "ஏமாத்துனவளுக்குக் குடுத்த வாக்கு எனக்கு வாக்கே இல்ல. படகு கெழக்கால போவட்டும்." அக்காவைப் பார்த்தார். "நீ இடுப்புன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

"கேட்டுக்கய்யா!"

அக்கா அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பிக்கும். அதுவும் எனக்குத் தெரியும். மாதத் தவணை, மகளின் பள்ளிக்கூடம், எல்லாம் கண்முன்னால் வந்து போயின. ஆனால் முகத்தில் அந்த முந்தானையின் ஈரம் இன்னும் காயாத மாதிரி இருந்தது.

"அக்கா, இடுப்புன்னா அதுல சேறு எவ்ளோ, தண்ணி எவ்ளோ?"

"முட்டிக்கு மேல சேறு. மீதி தண்ணி."

"ஏன் அத அப்பவே சொல்லல?" என்று சீறினார் முதலாளி.

"கேக்கல."

அக்காவுக்கு ஆழம் என்றால் கால் எங்கே போய் ஊன்றுகிறதோ அதுவரைக்கும். சேற்றுக்குள் கை விட்டுப் பிடிக்கிறவருக்குச் சேறு வேறு, தண்ணீர் வேறு இல்லை. படகுக்குத்தான் வேறு. அதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டியவன் நான். "தப்பு என்னுது சார். கோல் ஒடிஞ்சிடுச்சு, நான் அளக்கல, கேட்டு எழுதினேன்" என்றேன்.

முதலாளி என்னை விட்டுவிட்டு அக்கா பக்கம் குனிந்தார். "வேணும்னேதான மேற்க காட்டுன?"

"ஆமா."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த அக்காவை என்ன செய்வது! முதலாளி மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நான் குறுக்கே விழுந்து கேட்டேன். "படகு மாட்டிக்கணும்னு காட்டுனீங்களா?"

"இல்ல. நாங்க பொழைக்கணும்னு காட்டுனேன்."

"படகு மேற்க போவாதா?"

"தண்ணி ஏத்தத்துல போவும். வத்தத்துல மாட்டும். ஏழு மணிக்குப் போவுமான்னு கேட்டீங்க, போவும்னேன். நீங்க பதினொன்னுக்கு வந்தீங்க."

தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்துக் காலையிலும் மாலையிலும் ஓட்டினால் மேற்கு ஓடையே போதும். முதலாளிக்கும் அது புரிந்துவிட்டது. உட்கார்ந்தார். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான், ஏதோ நினைத்துக்கொண்டவர்போலச் சாவகாசமாகக் கேட்டார்.

"அது சரி, கெழக்கு ஓடையில நடுவுல எவ்ளோ ஆழம்?"

இத்தனை நாள் நான் காவல் காத்த கேள்வி. அக்கா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிறவர், சொல்லவில்லை. கீழே வீதியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. உதட்டோரம் அந்தக் காய்ப்பு துடித்ததை நான் பார்த்தேன்.

"முழங்கால்" என்றார்.

முதலாளி விடவில்லை. "சேத்தோடயா, சேறு இல்லாமயா?"

"சேத்தோட."

"சரி." என் பக்கம் திரும்பினார். "நாளைக்கே புதுக் கோல் எடுத்துக்கிட்டுப் போ. நீயே எறங்கி அள. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா. முழங்கால்னா கெழக்குப் பக்கமே வேணாம், ஏத்தம் பாத்து மேற்க ஓட்டிக்கலாம். ஜாஸ்தி இருந்துச்சுன்னு வச்சுக்க, இந்தம்மா சொன்னது எல்லாமே பொய்யின்னு அர்த்தம். அப்புறம் நான் யாருக்கும் வாக்கு குடுக்கல."

திரும்பும் பஸ்ஸில் அக்கா பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முதுநகர் வரும்வரை தலையைத் தூக்கவில்லை. இறங்கும்போது நான் "வரேன்க்கா" என்றேன். பதில் இல்லை. நான் கேள்வி ஒன்றும் கேட்கவில்லையே.

மறுநாள் காலை சின்னத் துடுப்புப் படகில் கிழக்கு ஓடைக்குப் போனேன். பன்னிரண்டு பெண்களும் தண்ணீரில் இருந்தார்கள். ஓரத்திலேயே சிலருக்கு இடுப்பளவு, சிலருக்கு மார்பளவு. யாரும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வேலை செய்கிற மாதிரி இருந்தார்கள், ஒருவர் கையும் அசையவில்லை. அக்கா மட்டும் என் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். நடுவுக்குப் போனதும் அவருக்குக் கால் எட்டவில்லை, விளிம்பைப் பிடித்தபடி மிதந்தார். நான் பத்தடிக் கோலை நேராக விட்டேன். கோல் முழுக்க உள்ளே போய் என் மணிக்கட்டு நனைந்தது. அடி தட்டவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் விட்டுப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை. முதலாளி கனவு கண்ட படகு, எந்த நேரத்திலும், எத்தனை பேரோடும் போகக்கூடிய வழி அது.

கோலைப் படகில் போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். விரல் ஈரமாக இருந்தது, பேனா வழுக்கியது. பயமாகத்தான் இருந்தது. பத்து வருஷ வேலையில் ஒரு அளவைக்கூட நான் வேண்டுமென்று மாற்றி எழுதியதில்லை.

"என்னா எழுதுறீங்க?" என்றார் அக்கா. அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நீங்க சொன்னதத்தான். முழங்கால்."

அவர் விளிம்பைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தது, உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம்.

"அது பொய்யி தம்பி."

"தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.